கருப்பு கிரீசும் பச்சை ஒளியும்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு யூனியன் அறிவிப்புப் பலகையில் நோட்டீஸ் ஒட்டிய அன்றே நம் வகுப்பில் பாதிப் பேர் கவிஞர்களாகி விட்டார்கள். நட்பு ஒருவனுக்கு, மழை ஒருவனுக்கு, அம்மா நாலு பேருக்கு, விடுதிச் சாம்பார் ஆறு பேருக்கு என்று தலைப்புகளைப் பங்கு போட்டாகி விட்டது. எனக்கு மிச்சம் கிடைத்தது கிரீஸ்தான். ஆமாம், லாரிக்கு அடிக்கிற அதே கருப்பு கிரீஸ். சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு அடுத்த பத்திக்கு வாருங்கள்.

என் அப்பா லாரி சர்வீஸ் ஸ்டேஷனில் கிரீஸ் அடிப்பவர். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அதே வேலை. பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவர். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் இன்றும் கைநாட்டுதான். "எனக்கு மை தடவ வேண்டாங்க, பெருவிரல் எப்பவும் ரெடியா இருக்கும்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அக்கா எட்டாவதோடு நின்று மில்லுக்குப் போனாள். என் செமஸ்டர் ஃபீஸ் அவள் நைட் ஷிப்ட் பார்த்த காசு. எங்கள் வீட்டில் பத்தாவது வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்த மலரைப் படிக்கிற உங்களில் பலருக்கும் இதே கதைதான் என்று எனக்குத் தெரியும்.

போன செமஸ்டரில் எங்கள் எலெக்ட்ரானிக்ஸ் பிரிவில் செமினாருக்குத் தலைப்பைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கெல்லாம் சோலார் பேனல், ரோபோ, மொபைல் டவர். எனக்கு வந்த சீட்டில் 'நான்லீனியர் ஆப்டிக்ஸும் இருபரிமாண எலெக்ட்ரானிக்ஸும்' என்று இருந்தது. பக்கத்தில் இருந்தவன் எட்டிப் பார்த்துவிட்டு, "மச்சி, உனக்கு இரங்கற்பா நான் எழுதறேன்" என்றான். சீட்டை மாற்றித் தரச் சொல்லி விரிவுரையாளரிடம் போனேன். அவர் மாற்றவில்லை. "உங்கப்பா என்னப்பா வேலை பார்க்கிறார்?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "அப்ப பாதிப் பாடம் உங்க வீட்டுலயே இருக்கு. மாலிப்டினம் டைசல்ஃபைடுன்னா என்னன்னு தேடிப் பாரு" என்று அனுப்பி விட்டார்.

தேடினேன். கருப்பு கிரீசுக்கு அந்தக் கருப்பைக் கொடுக்கிற தூள்தான் மாலிப்டினம் டைசல்ஃபைடு!

அன்று இரவு அப்பாவிடம் கேட்டேன். "ஏங்கப்பா, எல்லா இடத்துக்கும் சாதா கிரீஸ் அடிக்கிறீங்க. டிரெய்லர் வண்டியில இழுவையும் பெட்டியும் சேர்ற தட்டுக்கு மட்டும் ஏன் கருப்பு?"

"லோடு ஏறி அமுக்குனா மத்த கிரீஸ் பிதுங்கி வெளிய போயிரும் கண்ணு. இது பிதுங்கினாலும் கருப்பு மட்டும் இரும்போட ஒட்டிக்கிட்டு நிக்கும். வழுக்கிக்கிட்டே இருக்கும்."

புத்தகத்தில் அரைப் பக்கத்துக்கு இருந்த விஷயத்தை அப்பா இரண்டு வரியில் முடித்துவிட்டார். எண்ணெய் போன பிறகும் நின்று வேலை செய்கிற திட மசகு அது. ஏன் நிற்கிறது, ஏன் வழுக்குகிறது? அந்தப் பொருள் சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கடுக்காக அமைந்தது. ஒவ்வொரு அடுக்கிலும் நடுவில் மாலிப்டினம் அணுக்கள், மேலும் கீழும் கந்தக அணுக்கள். இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவே ஜாம் தடவியது போல. ஓர் அடுக்குக்குள் அணுக்களின் பிடிப்பு உடும்புப்பிடி. அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையில் இருப்பதோ சும்மா தொட்டுக் கொண்டிருக்கிற உறவு. அதனால்தான் ஒன்றின் மேல் ஒன்று வழுக்குகிறது.

நம் பென்சிலில் உள்ள கிராஃபைட்டும் இப்படித்தான் அடுக்கடுக்கானது, ஆனால் அது வெறும் கார்பன். இரண்டும் கருப்பு, இரண்டும் கையில் ஒட்டும், இரண்டும் வழுக்கும். பார்த்தால் ஒன்று போலவே இருப்பதால் வெகு காலம் இரண்டையும் ஒன்றென்றே நினைத்திருந்தார்கள். 1778-ல் சுவீடனில் வாழ்ந்த கார்ல் வில்லியம் ஷீலே என்ற வேதியியலர்தான் இது வேறு, அது வேறு என்று காட்டினார். கருப்பாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல நண்பர்களே!

இனி, இருபரிமாணக் கதை. இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கெய்ம், கான்ஸ்டான்டின் நோவோசெலோவ் என்ற இருவர். கிராஃபைட்டின் ஒரே ஓர் அடுக்கை மட்டும் பிரித்தெடுக்க முடியுமா என்பது அவர்கள் கேள்வி. ஒரு மில்லிமீட்டர் கிராஃபைட்டில் சுமார் 30 லட்சம் அடுக்குகள் இருக்கின்றன. இதற்கு என்ன பெரிய மெஷின் வாங்கினார்கள் தெரியுமா? செல்லோ டேப்! நாம் ரெக்கார்டு நோட்டுக்கு ஒட்டுகிற அதே டேப். அந்த ஆய்வுக்கூடத்தில் கிராஃபைட் கட்டியின் மேற்பரப்பைச் சுத்தம் செய்ய டேப் ஒட்டி உரித்துவிட்டுக் குப்பையில் போடுவது வழக்கம். குப்பைக்குப் போன டேப்பில் ஒட்டியிருந்த மெல்லிய செதில்களை இவர்கள் எடுத்துப் பார்த்தார்கள். டேப்பில் டேப்பை ஒட்டி மறுபடி மறுபடி உரித்தால் செதில் இன்னும் இன்னும் மெலிந்து கொண்டே போகும். கடைசியில் அதைச் சிலிக்கன் ஆக்சைடு பூசிய சில்லின் மேல் ஒற்றி எடுத்து மைக்ராஸ்கோப்பில் தேடினார்கள். 2004-ல் அந்த முடிவை வெளியிட்டார்கள். அந்த ஓரடுக்குக் கார்பனுக்குப் பெயர் கிராஃபீன். 2010-ல் இருவருக்கும் நோபல் பரிசு.

கிராஃபீனில் எலெக்ட்ரான்கள் பறக்கும். ஆனால் நம் பிரிவுக்காரர்களுக்கு உடனே ஒரு சந்தேகம் வர வேண்டும். டிரான்சிஸ்டர் என்பது ஏரி மதகு மாதிரி. திறந்தால் ஓட வேண்டும், மூடினால் நிற்க வேண்டும். கிராஃபீனுக்கு பேண்ட் கேப் இல்லை. அதாவது, மதகை மூடினாலும் தண்ணீர் போய்க் கொண்டே இருக்கும். ஆஃப் ஆகாத சுவிட்சை வைத்துக் கொண்டு டிஜிட்டல் சர்க்யூட் கட்ட முடியுமா?

இங்கேதான் நம் கிரீஸ் தூள் மேடை ஏறுகிறது. மாலிப்டினம் டைசல்ஃபைடு ஓர் அரைக்கடத்தி. அதற்கு பேண்ட் கேப் உண்டு. 2010-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே ஓர் ஆச்சரியத்தைச் சொன்னார்கள். கட்டியாக இருக்கும்போது ஒளி உமிழ்வதில் சோம்பேறியான இந்தப் பொருள், ஓரடுக்காக ஆனதும் லேசர் பட்டால் சிவப்பாக ஒளிர்கிறது! பொருள் அதேதான், அடுக்கின் எண்ணிக்கைதான் மாறியது. 2011-ல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் ஆந்த்ராஸ் கிஸ் என்பவரின் குழு அந்த ஓரடுக்கில் டிரான்சிஸ்டர் செய்து காட்டியது. அதில் ஆன் நிலையில் ஓடும் மின்னோட்டம் ஆஃப் நிலையில் கசிவதைப் போல 10 கோடி மடங்கு. மதகென்றால் இதுவல்லவா மதகு!

சிலிக்கன் நன்றாகத்தானே ஓடுகிறது, இது எதற்கு என்று கேட்கலாம். டிரான்சிஸ்டரைச் சின்னதாக்கச் சின்னதாக்க, கேட் மின்முனையின் பிடி தளர்ந்து கரண்ட் கசிகிறது. பிடி இறுக வேண்டுமானால் சிலிக்கனை மிக மெல்லியதாகச் சீவ வேண்டும். அப்படிச் சீவினால் மேற்பரப்பு கரடுமுரடாகி எலெக்ட்ரான் தடுக்கி விழுகிறது. ஆனால் மாலிப்டினம் டைசல்ஃபைடு பிறவியிலேயே அடுக்கு. ஓரடுக்கின் தடிமன் சுமார் 0.65 நானோ மீட்டர். ஒரு தலைமுடித் தடிமனில் ஒரு லட்சம் அடுக்கு அடங்கும். அவ்வளவு மெலிந்தும் மேற்பரப்பு வழுவழுதான். 2011-ல் ஒரு டிரான்சிஸ்டராக இருந்தது, 2017-ல் வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 115 டிரான்சிஸ்டர்கள் கொண்ட சிறு மைக்ரோபிராசசர் ஆனது. 2025-ல் ஷாங்காயின் ஃபுடான் பல்கலைக்கழகத்தில் சுமார் 5,900 டிரான்சிஸ்டர்கள் கொண்ட 32 பிட் பிராசசர் வந்தது. 1971-ல் வந்த இன்டெல் 4004-ல் 2,300 டிரான்சிஸ்டர்கள்தான் என்று நாம் மைக்ரோபிராசசர் பாடத்தில் படித்திருக்கிறோம். ஆக, இந்தப் பிள்ளை இப்போதுதான் தவழ்கிறது.

இனி, என்னைப் பயமுறுத்திய இன்னொரு வார்த்தை. நான்லீனியர் ஆப்டிக்ஸ். நேரியலற்ற ஒளியியல்.

ஊர்த் திருவிழாவில் மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரை நினைத்துக் கொள்ளுங்கள். வால்யூம் அளவாக இருக்கும் வரை பாடகர் பாடியது அப்படியே வரும். ரேடியோ செட்காரர் குஷி வந்து குமிழை முழுக்கத் திருகிவிட்டால்? குரல் கரகரக்கிறது. பாடகர் பாடாத சுருதிகளெல்லாம் வருகின்றன. இன்புட்டில் இல்லாத அதிர்வெண் அவுட்புட்டில் பிறக்கிறது. அதைத்தான் நாம் ஹார்மானிக் டிஸ்டார்ஷன் என்று எழுதி மார்க் வாங்குகிறோம்.

ஒளிக்கும் இதே கதைதான். ஒளி என்பது ஆடிக் கொண்டிருக்கும் மின்புலம். அது ஒரு படிகத்தில் நுழைந்தால் அங்குள்ள எலெக்ட்ரான்களைத் தன் தாளத்துக்கு ஆட்டும். சாதாரண வெளிச்சம் மெல்லத் தட்டுவதால், எவ்வளவு தட்டோ அவ்வளவு ஆட்டம். லேசர் போலப் பலமாகத் தட்டினால் அந்தக் கணக்கு வளைகிறது. மின்புலத்தோடு மின்புலத்தின் வர்க்கமும் சேர்ந்து ஆட்டத்தில் கலந்து விடுகிறது.

வர்க்கம் சேர்ந்தால் என்ன? முதலாம் ஆண்டு கணக்கு நோட்டைத் திறங்கள். இரண்டு சைன் ஸ்கொயர் ஏ என்பது ஒன்று கழித்தல் காஸ் டூ ஏ. பத்தாவது வரை தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த நான், முதல் செமஸ்டரில் இதை மந்திரம் மாதிரி உருப் போட்டேன். எதற்கு என்று யாரையும் கேட்கவில்லை. இப்போது பாருங்கள். ஏ என்பது ஒளியின் ஆட்டம் என்றால், அதன் வர்க்கத்திலிருந்து டூ ஏ பிறக்கிறது. இரண்டு மடங்கு அதிர்வெண்! உள்ளே போனது ஒரு நிறம், வெளியே வருவது வேறு நிறம். அந்த 'ஒன்று' கூட வீணில்லை. ஆடாமல் நிற்கும் மின்னழுத்தம் அது, நம் ரெக்டிஃபயரில் வருகிற டி.சி. போல. நூலகத்தில் உட்கார்ந்து இதைப் போட்டுப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. யாரோ எங்கோ எழுதிய சூத்திரம் அன்றைக்குத்தான் என்னோடு பேசியது.

இதை முதலில் செய்து காட்டியவர் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஃபிராங்கன். 1960-ல் தியோடர் மெய்மன் முதல் ரூபி லேசரை உருவாக்கினார். மறு ஆண்டே, 1961-ல், ஃபிராங்கன் குழுவினர் ரூபி லேசரின் 694.3 நானோ மீட்டர் சிவப்பு ஒளியைக் குவார்ட்ஸ் படிகத்தில் பாய்ச்சினார்கள். புகைப்படத் தகட்டில் 347.2 நானோ மீட்டரில், அலைநீளம் சரிபாதியான இடத்தில், ஒரு சின்னப் புள்ளி விழுந்தது. கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி. அதில் ஒரு வேடிக்கை. கட்டுரை அச்சானபோது அந்தப் புள்ளியை ஏதோ தூசி என்று நினைத்துப் படத்திலிருந்து துடைத்துவிட்டார்களாம்! அம்புக்குறி மட்டும் இருக்கிறது, அது காட்டுகிற இடத்தில் ஒன்றுமில்லை. ஒரு துறையின் பிறப்புச் சான்றிதழே இப்படி! மலர்க் குழு நண்பர்களே, அச்சுப் பிழைக்கு இனி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

இது ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே அடைந்து கிடக்கிற சங்கதி அல்ல. கடையில் கிடைக்கிற பச்சை லேசர் பாயிண்டர்கள் பலவற்றின் உள்ளே முதலில் உருவாவது 1064 நானோ மீட்டர் அகச்சிவப்பு. ஒரு துளிப் படிகம் அதை 532 நானோ மீட்டர் பச்சையாக்கித் தருகிறது. காஸ் டூ ஏதான் கையில் பிடித்து விளையாடுகிறது. கண்ணில் மட்டும் அடித்துவிடாதீர்கள். மலிவான பாயிண்டரில் பச்சையாக மாறாத அகச்சிவப்பும் சேர்ந்து கசியலாம். கண்ணுக்குத் தெரியாததே கண்ணைக் கெடுக்கும்.

சரி, கிரீசுக்கும் இந்த ஒளிக்கும் என்ன சம்பந்தம்? செமினாரில் என் தொண்டை அடைத்துக் கொண்ட இடம் இது.

புஷ்-புல் ஆம்ப்ளிஃபயரை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். இரண்டு டிரான்சிஸ்டர்கள் எதிரெதிராக வேலை செய்வதால் இரட்டைப்படை ஹார்மானிக்குகள் ஒன்றையொன்று அடித்துக் கொண்டு போய்விடும். படிகத்திலும் அப்படியே. இடமும் வலமும் சமச்சீராக இருக்கிற படிகத்தில் இரண்டாம் ஹார்மானிக் பிறக்காது. மாலிப்டினம் டைசல்ஃபைடின் ஓரடுக்குக்கு அந்தச் சமச்சீர் இல்லை. அதனால் லேசர் பட்டால் இரட்டிப்பு அதிர்வெண் ஒளி வரும். இயற்கையாகக் கிடைக்கும் படிகத்தில் இரண்டாவது அடுக்கு முதல் அடுக்குக்கு நேர் எதிராக, 180 டிகிரி திரும்பி உட்கார்ந்திருக்கும். புஷ்-புல் ஜோடி! ஒன்று கொடுப்பதை மற்றது அழித்துவிடும். 2013-ல் பல குழுக்கள் இதை அளந்தார்கள். 1, 3, 5 அடுக்கென்றால் ஒளி வருகிறது. 2, 4, 6 என்றால் அநேகமாக இருட்டு. கண்ணுக்கே தெரியாத அடுக்குகளைத் தொடாமலே ஒற்றையா இரட்டையா விளையாடலாம்!

இன்னும் ஒன்று. படிகத்தைச் சுழற்றிக் கொண்டே வரும் ஒளியை அளந்து கிராஃப் போட்டால் ஆறு இதழ்ப் பூ விரிகிறது. நம் வீட்டு வாசல் கோலம் போல. இதழ் எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்று பார்த்தே அணுக்கள் எந்தத் திசையில் வரிசை கட்டியிருக்கின்றன என்று சொல்லிவிடலாம். அடுக்கின் மேல் அடுக்கு வைத்து எலெக்ட்ரானிக்ஸ் கட்டுகிறவர்களுக்கு, இதுதான் கொத்தனாருக்கு மூலைமட்டம் மாதிரி. அடுக்கின் எண்ணிக்கையைச் சொல்ல இவர்கள் கையாளும் மற்றொரு வழி ராமன் விளைவு. 1888-ல் திருச்சியில் பிறந்த சர் சி.வி.ராமன் 1928-ல் கண்டது, கிராஃபீனின் அடுக்குகளை எண்ண இன்று உதவுகிறது.

செமினார் முடிந்ததும் ஒரு நண்பன் எழுந்து கேட்டான்: "இதெல்லாம் டாக்டர் பட்டம் வாங்கினவங்க சமாச்சாரம். டிப்ளமோக்காரனுக்கு இதுல என்ன வேலை?"

நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த பதிலைச் சொன்னேன். டேப் ஒட்டி உரிப்பதற்குக் கை நிதானம் வேண்டும். பெரிய அளவில் ஓரடுக்கு வளர்க்க ஃபர்னஸ் வேண்டும். அந்த ஃபர்னசின் சூடு, வாயு ஓட்டம், வாக்குவம் பம்ப் மூன்றையும் பிசகாமல் ஓட்ட ஆள் வேண்டும். லேசரையும் லென்சையும் நூல் பிடித்த மாதிரி நிறுத்த வேண்டும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் நானோ கருவிகள் செய்யும் தூய அறைகளே இருக்கின்றன. அந்த மாதிரி இடத்தில் எந்திரத்தின் மூச்சுச் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்கிற கைகளும் காதுகளும் தேவை. அவை ஒர்க்ஷாப்பில் வளர்ந்தவை. நம்முடையவை.

அன்று வீட்டில் பேச்சு வந்தது. டிப்ளமோ முடிந்ததும் கம்பெனி வேலைக்குப் போவதா, நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. சேர்வதா? வேலைக்குப் போனால் அக்காவின் நைட் ஷிப்ட் நிற்கும். படித்தால் இன்னும் மூன்று வருடம் அவள் கண் விழிக்க வேண்டும். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அக்காதான் சொன்னாள்: "மூணு வருஷம் எல்லாம் முடியாதுடா. ஒரு வருஷம் நீ வேலைக்குப் போ, நான் பகல் ஷிப்ட் மாத்திக்கறேன். காசு சேர்த்துக்கிட்டு அப்புறம் போய்ப் படி. அந்தக் கருப்பு எங்கயும் ஓடிப் போகாது, ஒட்டிக்கிட்டு நிக்கும்னு அப்பாதான் சொன்னாரே."

அதுவே முடிவாயிற்று. ஒரு வருடம் வேலை, அதன் பிறகு பி.இ. தேதி போட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இந்த மலரில் அச்சாகிவிட்டதால் இனி நான் பின்வாங்க முடியாது. நீங்கள் எல்லோரும் சாட்சி!

நண்பர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். சாயப்பட்டறைக்குப் போகிற அப்பா, செங்கல் சூளைக்குப் போகிற அம்மா, வெள்ளிப் பட்டறையில் ராவுகிற அண்ணன் என்று நம் வகுப்பில் எத்தனை பேர்! அவர்கள் கையில் தினமும் ஒட்டுகிற பொருள் என்ன, அது ஏன் அப்படி நடந்து கொள்கிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து கேளுங்கள். பாதிப் பதில் அவர்களிடம் இருக்கும். மீதிப் பாதியை நூலகத்தில் தேடி, அடுத்த ஆண்டு மலருக்கு எழுதுங்கள். விடுதிச் சாம்பாரை ஆறு பேர் எழுதிவிட்டார்கள்.